கை வேலையில், காது சும்மா: ஆராய்ச்சியை ஒலியில் சொல்வது எப்படி?

[காட்சி: விடிவதற்குள். வாழைநாரைத் தண்ணீரில் நனைக்கும் விரல்கள். முறத்தில் மல்லிகை மொட்டுகள். பக்கத்தில் ஒரு போன் பேசிக்கொண்டிருக்கிறது.]

வணக்கம். நீங்கள் பார்க்கிற கைகள் என் அத்தையுடையவை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து மொட்டு வந்ததும் உட்கார்ந்துவிடுவார். இரண்டு மொட்டு அங்கிட்டு, இரண்டு மொட்டு இங்கிட்டு, நாரை ஒரு சுற்று, ஒரு இழுப்பு. மொட்டு விரிவதற்குள் சரத்தை முடிக்க வேண்டும். அவ்வளவு நேரமும் கண்ணுக்கும் கைக்கும் ஓய்வே கிடையாது. காது மட்டும் சும்மா இருக்கிறது.

மதுரையில் இப்படிச் சும்மா இருக்கிற காதுகள் ஏராளம். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவருக்கும் அப்படித்தான், ராத்திரி முழுக்க ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் அப்படித்தான். இதே ஊரில் வேளாண்மைக் கல்லூரி 1965 முதல் இருக்கிறது, காமராசர் பல்கலைக்கழகம் 1966 முதல் இருக்கிறது. மல்லிகை மொட்டைத் துளைக்கிற புழு, கண்மாய், மலைக் குகையில் உள்ள பழைய எழுத்து என்று இந்த மண்ணைப் பற்றியே எத்தனையோ பேர் வருடக்கணக்காக ஆராய்கிறார்கள். அந்த ஆய்வேடு அத்தை கைக்கு வராது, வந்தாலும் அவர் படிக்கப் போவதில்லை. ஆனால் அவர் காதுக்கு வரலாம். நான் இங்கே ஒரு சின்ன அறை வைத்து ஆய்வாளர்கள் பேசுவதைப் பதிவு செய்து கொடுக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

[காட்சி: பழைய வானொலிப் பெட்டி. நெற்கதிர்.]

இது புதுப் பழக்கம் இல்லை. 1960-களில் ஆடுதுறை 27 என்று ஒரு நெல் ரகம் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயிகள் பலர் அதை வானொலி வழியாகத்தான் தெரிந்துகொண்டார்கள். அதனால் அந்த நெல்லுக்கு ஊரில் விழுந்த பெயரே 'ரேடியோ நெல்'. ஒரு விதைக்கு, அதைச் சொல்லிக் கொடுத்த பெட்டியின் பெயர்! ஆராய்ச்சி காது வழியாக வயலுக்குப் போய்ச் சேரும் என்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

சரி, இப்போது ஒருவர் பதிவுக்கு வருகிறார் என்று வையுங்கள். என்ன ஆகும்?

[காட்சி: மைக். எதிரே மடித்த தாள்கள்.]

போன வருடம் ஒரு ஆய்வு மாணவி வந்தார். திருமங்கலம் பக்கத்துக்காரர். கண்மாய்களில் வண்டல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதுதான் அவருடைய ஆய்வு. கையில் தாள் வைத்திருந்தார். வாசித்தார்: "நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் ஏற்பட்டுள்ள நிலப் பயன்பாட்டு மாற்றங்களின் விளைவாகக் கண்மாய்களின் கொள்ளளவு கணிசமாகக் குறைந்துள்ளமை கண்டறியப்பட்டுள்ளது."

இதில் ஒரு பிழையும் இல்லை. அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். கையை நிறுத்தாமல் கேட்டார்: "அந்தப் புள்ள நியூஸ் வாசிக்குதா?"

ஏன் அப்படி ஆயிற்று? படிக்கிறவர் புரியாவிட்டால் கண்ணை ஒரு வரி மேலே கொண்டுபோவார். கேட்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. பூ கட்டுகிற ஈரக்கையோடு யார் போனைத் தொட்டுப் பின்னால் தள்ளுவார்கள்? அந்த வாக்கியத்தில் யார், எங்கே, என்ன செய்தார் என்று எதுவும் இல்லை. வினைச்சொல்லுக்காகக் கடைசி வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வாக்கியத்தின் தலை மறந்துபோகிறது.

நான் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். "உங்க ஊர்க் கண்மாயைப் பத்திச் சும்மா சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் இப்படி ஆரம்பித்தார்:

"எங்க கண்மாய்ல மடைக்குப் பக்கத்துல ஒரு கல்லு இருக்கு. எங்க தாத்தா சின்னப் பையனா அதுல உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டா, கால் தரையில படாதாம். ஊருணியில குளிச்சிட்டு வந்து அங்கதான் உட்காருவாராம். போன மாசம் நான் போய் உட்கார்ந்தேன். முழங்காலை மடக்கித்தான் உட்கார முடியுது. அம்புட்டு வண்டல். கலுங்கு தாண்டி மறுகால் போயே எத்தனையோ வருஷமாச்சு."

கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம்தான் கலுங்கு. அந்தச் சொல் வந்ததும் அத்தையின் கை நின்றது. நார் விரலிலேயே இருந்தது. கொள்ளளவு குறைந்தது என்ற அதே செய்திதான். முதல் தடவை அது எங்கேயோ நடந்தது, இரண்டாம் தடவை அவர் பார்த்த கண்மாயில் நடந்தது.

அந்தக் கல் கதை மட்டும் போதாது. அது ஆய்வுக்குள் போகிற வாசல், அவ்வளவுதான். இரும்புக் குழாயை வண்டலில் எப்படி இறக்கினார், அடியில் கெட்டித் தரை தட்டுப்படுவது கைக்கு எப்படித் தெரிந்தது, ஒரே இடத்தில் அளந்தால் போதாது என்று கரை ஓரமும் நடுவிலும் ஏன் அளந்தார் என்று எல்லாவற்றையும் அவர் சொன்னார். அளக்கப் போனபோது போனில் எடுத்த சத்தமும் இருந்தது. குழாய் சேற்றுக்குள் இறங்குகிற சத்தம், பிடுங்கும்போது 'சளக்' என்று வருகிற சத்தம். அதை அப்படியே சேர்த்தோம். ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை.

[காட்சி: கீழடி அகழாய்வுக் குழி. அளவுகோல்.]

எண்களை என்ன செய்வது? எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கீழடி. அங்கே கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கிமு 580 என்று கணித்தார்கள். அது 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது. சோதனை நடந்தது அமெரிக்காவில், மயாமியில் உள்ள ஓர் ஆய்வகத்தில். இந்த எண்களை வரிசையாக வாசித்தால் காதில் எதுவும் தங்காது. 353 சென்டிமீட்டர் என்றால் ரெண்டு ஆள் ஆழம். கிமு 580 என்றால் ஏறத்தாழ 2,600 வருடங்களுக்கு முன்னால்.

கரியை வைத்து வயதை எப்படிச் சொல்கிறார்கள்? மரம் உயிரோடு இருக்கிற வரை காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். அதில் கார்பன் 14 என்று ஒரு வகை, துளியளவு. மரத்தை வெட்டியதும் வரவு நின்றுபோகிறது. உள்ளே இருந்தது மட்டும் மெல்லக் கரைகிறது. 5,730 வருடத்தில் சரிபாதி ஆகிவிடும். கீழடிக் கரியில் ஏறத்தாழ முக்கால்வாசி மிச்சம் இருந்திருக்கும். பாதியாவதற்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் கால்வாசி போய்விட்டது. இப்படிச் சொன்னால் காதுக்குப் போதும். அரை, கால், முக்கால், முழம், சாண் எல்லாம் நம் காது பழகிய அளவுகள். தசமப் புள்ளிகள் ஆய்வேட்டிலேயே இருக்கட்டும்.

[காட்சி: சுவரில் சாய்த்த மெத்தை. நின்றுபோன மின்விசிறி.]

பதிவு செய்ய ஸ்டூடியோ வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் இது தண்டனைதான், ஆனால் வேறு வழியில்லை. பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்தால் எதிரொலி அடங்கும். போனுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் ஓரமாக வைத்தால் 'ப' வரும்போது காற்று மோதாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். ஒற்றைத் தடத்தில், நொடிக்கு 64 கிலோபிட் அளவில் சேமித்தால் ஐந்து நிமிடம் ஏறத்தாழ இரண்டரை எம்பிக்குள் அடங்கும். வாட்ஸ்அப்பில் கைமாறிப் போவதற்கு அது வசதி.

இன்னொன்றை ஆய்வாளர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று குரலில் சொல்லுங்கள். குரலுக்கு ஒரு சக்தி உண்டு. அழுத்திச் சொன்னால் தப்பும் சரிபோல் கேட்கும். எழுத்தில் 'இருக்கக்கூடும்' என்று போட்டுவிடுகிறோம், பேசும்போது அது விழுந்துவிடுகிறது. அந்த மாணவி பதிவில் சொன்னார்: "நான் அளந்தது மூணு கண்மாய்தான். மத்த கண்மாய்லயும் இப்படித்தான்னு என்னால இன்னும் சொல்ல முடியாது." வெட்ட வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

[காட்சி: மறுபடி அத்தையின் கைகள். கட்டி முடித்த சரம் ஈரத்துணியில் சுருண்டிருக்கிறது.]

முடிந்த பதிவை அத்தைக்கு மறுபடி போட்டேன். முழுக்கக் கேட்டார். பிறகு போனைப் பார்த்து, அந்த மாணவி எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் கேட்டார்:

"ஏத்தா, எங்க அப்பா காலத்துல கோடையில மாட்டுவண்டியில வண்டலை அள்ளிட்டுப் போயி வயல்ல கொட்டுவாக. அந்த வண்டி எல்லாம் நின்னுபோனதுக்கும் கண்மாய் தூர்ந்ததுக்கும் சம்பந்தம் இருக்கா? அதையும் பாத்தியா?"

அதைப் பதிவு செய்து மாணவிக்கு அனுப்பினேன். அன்று சாயங்காலமே கூப்பிட்டார். வண்டல் அள்ளியவர்கள் அந்த ஊர்களில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கப் போவதாகச் சொன்னார். இரண்டாவது பகுதி அத்தையின் குரலில் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது.