பால்சிக் கடற்கரையும் ருமேனிய ஓவியர்களும்

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் ஓவியத்தைப் பற்றிப் பேச வந்தால் படத்தைக் காட்ட வழியில்லை. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மனதுக்குள் வரைந்துகொள்ளுங்கள்.

மேலே ஒடுக்கமாக வானம். அதன் கீழே பச்சை கலந்த நீலத்தில் கடல், அலையே தெரியாத ஒரு பட்டை. ஒரு பக்கத்திலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு மண்மேடு சரிந்து இறங்குகிறது. சரிவில் சிவப்பு ஓட்டு வீடுகள், ஒரு மசூதியின் கோபுரம். கரையில் ஒன்றிரண்டு படகுகள். ஆட்கள் இருந்தாலும் முகம் தெரியாத அளவுக்குச் சிறியவர்கள்.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ருமேனிய ஓவியர்கள் இப்படியான படங்களை வரைந்து தள்ளினார்கள். பெரும்பாலும் ஒரே ஊர்தான்: கருங்கடல் ஓரத்துப் பால்சிக். ஏன் இந்த ஊர்?

கருங்கடலின் மேற்குக் கரை பொதுவாகக் கிழக்கைப் பார்த்து இருக்கும். பால்சிக் மட்டும் வளைகுடாவுக்குள் தெற்கு நோக்கித் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. அதனால் பகல் முழுக்க வெயில் கடல் பக்கமிருந்தே வருகிறது, தண்ணீரில் பட்டு அந்த வெள்ளை மேட்டில் மோதுகிறது. சுண்ணாம்பு அடித்த சுவருக்கு எதிரே நண்பகலில் நின்று பாருங்கள். நிழல்கூடக் கறுப்பாக இருக்காது. மியூனிக்கிலும் பாரிஸிலும் படித்துவிட்டு வந்த ஓவியர்களுக்கு இந்த வெளிச்சம் பெரிய விருந்து. நிகொலாயே தராஸ்குவும் லூசியன் கிரிகொரெஸ்குவும் அதில் மூழ்கியே போனார்கள்.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் நிகொலாயே தோனிட்சா. 1886-இல் பிறந்தவர். குழந்தைகளின் முகங்களை உருண்டைக் கண்களோடு தீட்டியவர் என்றுதான் பலருக்கும் தெரியும். ஓவியர்கள் ஷிராட்டோ, திமித்ரெஸ்கு, சிற்பி ஓஸ்கார் ஹான் ஆகியோரோடு சேர்ந்து ‘நால்வர் குழு’ என்று இயங்கினார். முதல் உலகப் போரில் சிப்பாயாகப் போனவர், 1916-இல் பிடிபட்டு பல்கேரியாவில் போர்க்கைதியாக இருந்தவர். அதே மனிதர் பிற்காலத்தில் பால்சிக்குக்கு வந்து துருக்கியப் பெண்களையும், காபிக் கடைகளையும், வெள்ளை மேட்டையும் இவ்வளவு சாந்தமாக வரைகிறார். அந்தச் சாந்தத்தை வெறும் ஓய்வு என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. போரையும் சிறையையும் பார்த்த ஒருவர் தேடிப் போய் எடுத்துக்கொண்ட அமைதி அது.

சரி, ஊர் அவ்வளவு அமைதியாகவா இருந்தது? இதையும் சொல்லியாக வேண்டும். பால்சிக் இருக்கும் தெற்கு டோப்ருஜா, 1913-இல் இரண்டாம் பால்கன் போர் முடிந்தபோது பல்கேரியாவிடமிருந்து ருமேனியாவின் கைக்கு வந்த நிலம். அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் பல்கேரியர்கள், துருக்கியர்கள். அவர்களுக்கு அது ஆட்சி மாறிய ஊர். புக்கரெஸ்டிலிருந்து வந்த ஓவியர்களுக்குக் கோடைகால ஊர். ருமேனியாவின் ராணி மேரியும் 1920-களில் அங்கே மினாரோடு ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார். ராணி வந்த பிறகு ஊரின் பெயர் இன்னும் பரவியது.

படங்களில் இந்த அரசியல் எதுவும் கிடையாது. அதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கரையில் நிற்கும் அந்தச் சின்ன உருவங்களைப் பார்க்கும்போதெல்லாம், இவர்கள் தங்கள் ஊரைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. வீட்டுக்கும் ஓட்டுக்கும் அத்தனை வண்ணம் பார்த்துப் பார்த்து வைத்த ஓவியர், ஆளை மட்டும் இரண்டு தீற்றலில் முடித்துவிடுகிறார்.

1940 பிப்ரவரியில் தோனிட்சா இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் க்ரயோவா ஒப்பந்தம் கையெழுத்தாகி, தெற்கு டோப்ருஜா பல்கேரியாவுக்கே திரும்பிப் போனது. எல்லையோடு மக்களும் மாற்றப்பட்டார்கள்: தெற்கிலிருந்த ருமேனியர்கள் வடக்கே, வடக்கிலிருந்த பல்கேரியர்கள் தெற்கே, கட்டாயமாக. ராணி மேரி 1938-இலேயே காலமாகியிருந்தார். அவர் விருப்பப்படி பால்சிக் தேவாலயத்தில் வைத்திருந்த அவருடைய இதயத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாளிகையும் தோட்டமும் இன்றும் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். படங்களைப் பார்க்க வேண்டுமானால் எல்லை தாண்டி ருமேனியாவுக்குத்தான் போக வேண்டும், கான்ஸ்டான்ட்சா கலை அருங்காட்சியகத்துக்கோ புக்கரெஸ்டுக்கோ. நன்றி, வணக்கம்.