வெட்டினாலும் நிற்கும் வாக்கியம்

நண்பர்களே,

காட்டுயிர்ப் பணியில் இருப்பவர்களுக்கு நிருபர்கள் மீது ஒரு தீராத மனக்குறை உண்டு. "ஒரு மணி நேரம் பேசினோம். ஒரு வரி போட்டார்கள். அதையும் தப்பாகப் போட்டார்கள்." நியாயமான குறைதான். ஆனால் அந்த ஒரு வரியை நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தீர்களா, அவரே பொறுக்கிக்கொள்ளட்டும் என்று விட்டீர்களா? நிருபர் எழுதுவதை உதவி ஆசிரியர் சுருக்குவார். தலைப்பை வேறொருவர் வைப்பார். இத்தனை கை மாறியும் பொய்யாகாத வாக்கியம் ஒன்று நம்மிடம் தயாராக இருக்க வேண்டும்.

2022இல் உலகளாவிய இயற்கை நிதியம் வெளியிட்ட அறிக்கையை நினைத்துப் பாருங்கள். 1970 முதல் 2018 வரை, கண்காணிப்பில் உள்ள முதுகெலும்பு விலங்குத் தொகைகள், அதாவது ஓரிடத்தில் வாழும் ஓரின விலங்குகளின் கூட்டங்கள், சராசரியாக 69 சதவீதம் சரிந்தன என்றது அது. உலகின் விலங்குகளில் 69 சதவீதம் அழிந்துவிட்டன என்ற பொருளில் பல இடங்களில் செய்தி ஓடியது. இரண்டும் ஒன்றல்ல.

ஓரிடத்தில் 10 மான்கள் இருந்து 2 ஆகின்றன. 80 சதவீதச் சரிவு. இன்னோரிடத்தில் 1,000 பறவைகள் அப்படியே இருக்கின்றன, சரிவே இல்லை. சராசரிச் சரிவு 40 சதவீதம். மொத்தத்தில் குறைந்ததோ 1,010இல் வெறும் 8. அறிக்கையின் கணக்குமுறை இதைவிடச் சிக்கலானது, ஆனால் குழப்பம் பிறக்கும் இடம் இதுதான். விளக்கம் அறிக்கையின் உள்ளே இருந்தது. எண் முகப்பில் இருந்தது. பத்திரிகைக்குப் போய்ச் சேர்வது முகப்புதான். பிறகு யாரோ கணக்கைச் சரிபார்த்து "மிகைப்படுத்துகிறார்கள்" என்று எழுதினால், அடி விழுவது உண்மையான சரிவைப் பற்றிப் பேசும் நம் எல்லோர் மீதும்தான்.

2016இல் ஒட்டகச்சிவிங்கியை அழியும் அபாயமுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தபோது சொல்லப்பட்டதைப் பாருங்கள்: 1985இல் 1,50,000க்கு மேல் இருந்தவை 2015இல் 1,00,000க்கும் கீழே. இதை எங்கே வெட்டினாலும் உண்மை உண்மையாகவே நிற்கும். தலைகளை எண்ண முடிந்தால் தலைகளைச் சொல்லுங்கள். சதவீதம்தான் உண்டு என்றால், எதில் சதவீதம் என்பதை அதே வாக்கியத்துக்குள் வையுங்கள், அடுத்த வாக்கியத்தில் அல்ல.

பத்திரிகைக் குறிப்புக்கும் இதே கதிதான். "எங்கள் அமைப்பின் மூன்றாம் கட்டக் களப்பணியின் ஓர் அங்கமாக, பல்வேறு தரப்பினரின் ஒத்துழைப்புடன்..." என்று தொடங்கும் குறிப்பை எந்த நிருபரும் இரண்டாம் வரிக்குப் படிக்கமாட்டார். "இந்த ஆற்றங்கரையில் ஆமைகள் இட்ட முட்டைகளில் பாதியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது" என்று தொடங்குங்கள். அமைப்பின் பெயர் மூன்றாம் வரியில் வந்தால் குடி முழுகிவிடாது. தலைவருக்குத்தான் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

கடினமான நாள் வேறு. சிறுத்தை தாக்கி ஒரு குழந்தை இறந்துவிட்டது; கேமரா உங்கள் முன்னால். "காடு அவற்றின் வீடு, நாம்தான் உள்ளே புகுந்தோம்" என்று நம் வாயில் தயாராக ஒரு வசனம் இருக்கிறதே, அதை அன்றைக்குச் சொல்லவே கூடாது. அந்தத் தாயும் அதைக் கேட்பார். இழப்பைப் பற்றிப் பேசுங்கள். அடுத்து, இன்றிரவு அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். எந்தச் சிறுத்தை, ஏன் வந்தது என்றெல்லாம் ஊகிக்காதீர்கள். "இன்னும் தெரியவில்லை, மாலை ஆறு மணிக்குச் சொல்கிறோம்" என்பது நல்ல பதில், ஆறு மணிக்குத் தொலைபேசியை எடுப்பீர்கள் என்றால். எடுக்காவிட்டால், வாட்ஸ்ஆப்பில் சுற்றும் வதந்தி உங்கள் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

படங்களிலும் கவனம் தேவை. கைபேசியில் எடுத்த படக் கோப்புக்குள் எடுத்த இடத்தின் குறிப்பும் பதிந்திருக்கலாம். காண்டாமிருகத்தின் படத்தை ஆசையாக அனுப்பி, வேட்டைக்காரனுக்கு வழி காட்டிவிட வேண்டாம். குறிப்பை நீக்கிவிட்டு அனுப்புங்கள். பின்னணியில் அடையாளம் தெரியும் மலை இருந்தால் வேறு படம் தேடுங்கள்.

சரி, தாளை எடுங்கள். உங்கள் வேலையைப் பற்றி ஐந்து வரி எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். அவர் நான்கு வரியை அடித்துவிடுவார். எந்த நான்கு என்று நீங்கள் அவரிடம் சொல்லக் கூடாது. மிச்சம் நிற்கும் வரியை இங்கே வந்து உரக்கப் படியுங்கள். முதல் வரிசையிலிருந்து தொடங்கலாம்.