டிஸ்க் ப்ளேயர் வாங்கப் போறீங்களா? ஆப் லிஸ்ட்டைக் கடைசியில பாருங்க

வணக்கம் நண்பர்களே. இன்னைக்கு டிஸ்க் ப்ளேயர் பத்திப் பேசப் போறேன். டிவிடி, ப்ளூ-ரே, 4கே ப்ளூ-ரே எல்லாம் போட்டுப் பார்க்குற பெட்டி. அதுலயே நெட்ஃப்ளிக்ஸ், யூடியூப்னு ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்து வர்ற மாடல் இருக்குல்ல, அதை எப்படிப் பார்த்து எடுக்குறதுங்கறதுதான் விஷயம். "இந்தக் காலத்துல யாருங்க டிஸ்க் பார்க்குறா"ன்னு கேட்குறவங்களும் கொஞ்சம் இருங்க, உங்களுக்கான பதிலும் வரும்.

இந்த மாதிரி ப்ளேயரோட அட்டைப்பெட்டியில முதல்ல கண்ணுல படுறது கலர் கலரா ஆப் லோகோதான். நான் என்ன சொல்றேன்னா, அந்த லோகோவைக் கடைசியில பாருங்க. ஏன்னா ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு விஷயம் இருக்கு, ரெண்டுக்கும் ஆயுசு வேற வேற. லேசர், மோட்டார், ட்ரே இதெல்லாம் தூசி படாம வச்சிருந்தா வருஷக்கணக்குல ஓடும். ஆப் அப்படி இல்ல. அது ஓடணும்னா ப்ளேயர் கம்பெனியும் மனசு வைக்கணும், ஸ்ட்ரீமிங் கம்பெனியும் மனசு வைக்கணும்.

இது எங்க ஆரம்பிச்சதுன்னு பார்த்தா, 2008-ல எல்ஜி, பிடி300-னு ஒரு ப்ளூ-ரே ப்ளேயர் விட்டாங்க. நெட்ஃப்ளிக்ஸ் உள்ளேயே வந்த முதல் ப்ளேயர் அது. அன்னைக்கு அது பெரிய விஷயம், ஏன்னா வீட்டுல இருக்குற டிவிக்கு ஆப்னா என்னன்னே தெரியாது. இப்போ டிவியே அந்த வேலையைப் பார்த்துக்குது.

அப்புறம் 2015 ஏப்ரல்ல யூடியூப் தன்னோட பழைய இணைப்பு முறையை மூடுச்சு. 2012-லயும் அதுக்கு முன்னாடியும் வந்த பல டிவி, பல ப்ளூ-ரே ப்ளேயர்ல யூடியூப் ஆப் அதோட போச்சு. 2019 டிசம்பர்ல நெட்ஃப்ளிக்ஸும் சில பழைய சாதனங்களைக் கழட்டி விட்டுச்சு. எங்க வீட்டுலயும் ஒரு பழைய ப்ளேயர் இருக்கு. அதுல ஹோம் ஸ்க்ரீன்ல இன்னும் ஆப் ஐகான் வரிசையா நிக்குது, ஒண்ணைத் தொட்டாலும் திறக்காது. ஆனா டிஸ்க்கைப் போட்டா படம் கிண்ணுன்னு ஓடுது.

இது ஏன் நடக்குதுன்னா, ஸ்ட்ரீமிங் கம்பெனிங்க பாதுகாப்பு முறையை மாத்திக்கிட்டே இருப்பாங்க, வீடியோவைச் சுருக்குற முறையையும் மாத்துவாங்க. இப்போ ஏவி1-னு ஒண்ணு பரவலா வந்திருக்கு. ப்ளேயருக்குள்ள இருக்குற சிப்போ வாங்குன அன்னைக்கு என்னவோ அதேதான். ஆறேழு வருஷம் கழிச்சு அந்த மாடலுக்கு உட்கார்ந்து அப்டேட் எழுதித் தரணும்னு கம்பெனிக்கு எந்தக் கட்டாயமும் இல்ல.

அப்போ ஸ்ட்ரீமிங் இருக்குற ப்ளேயரே வேண்டாமான்னா, அப்படிச் சொல்ல மாட்டேன். உங்க டிவி பழசு, இல்லைன்னா ப்ரொஜெக்டர் வச்சிருக்கீங்க, அதுல ஆப் எதுவும் கிடையாதுன்னா ப்ளேயர்ல இருக்குற ஆப் உதவும். ஆனா எச்டிஎம்ஐ-ல சொருகுற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒண்ணை மாட்டினாலும் அதே வேலை நடக்கும். ஸ்டிக் பழசாச்சுன்னா அதை மட்டும் கழட்டிட்டு வேற மாட்டிக்கலாம்.

ஸ்ட்ரீமிங்கோடதான் வேணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. ப்ளேயர் 4கே-ங்கறதுக்காக ஆப்பும் 4கே தரும்னு நினைச்சுக்காதீங்க. டிஸ்க்கை 4கே-ல காட்டிட்டு, ஆப்ல ஃபுல் எச்டி 1080-ஓட நின்னுடுற மாடல் உண்டு. எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் கலரையும் இன்னும் விரிவாக் காட்டுற முறை, ஆப்லயும் வருதான்னு தனியாப் பாருங்க. வைஃபை 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்குதா, 2.4 மட்டும்தானா? பின்னாடி லேன் கேபிள் போர்ட் இருக்கா? அது 100 மெகாபிட் போர்ட்டா இருந்தாலும் கவலை வேண்டாம், 4கே ஸ்ட்ரீமிங்குக்கு அதுவே தாராளம். முக்கியமா, நீங்க தமிழ்ப் படம் பார்க்குற சேவை அந்த லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க. பெரும்பாலான ப்ளேயர்ல ஆப் ஸ்டோர் கிடையாது. கம்பெனி என்ன போட்டுக் கொடுத்ததோ அதான், நாம புதுசா ஒண்ணும் ஏத்திக்க முடியாது.

சரி, இப்போ டிஸ்க்குக்கு வருவோம். நான் இதுக்காகத்தான் இவ்ளோ பேசுறேன்.

4கே பார்க்க விநாடிக்கு 15 மெகாபிட் வேகம் இருக்கணும்னு நெட்ஃப்ளிக்ஸே சொல்லுது. அந்த 15-ஐ முழுசா அனுப்புறாங்கன்னே வச்சுக்குங்க, ரெண்டு மணி நேரப் படத்துக்கு 13.5 ஜிபி வருது. 4கே ப்ளூ-ரே டிஸ்க்ல 66 ஜிபி இல்லைன்னா 100 ஜிபி வரைக்கும் இடம் இருக்கு, வேகம் விநாடிக்கு 128 மெகாபிட் வரைக்கும் போகலாம். சாதாரண ப்ளூ-ரேயே 50 ஜிபி வரைக்கும் பிடிக்கும். வெளிச்சமான காட்சியில வித்தியாசம் சட்டுன்னு தெரியாது. ராத்திரிக் காட்சி, மூடுபனி, மழை, புகை இதையெல்லாம் பாருங்க. இருட்டு வானத்துல வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைஞ்சு போகணும்ல, ஸ்ட்ரீமிங்ல அது பட்டை பட்டையா, படிக்கட்டு மாதிரி தெரியும். மழை அடிச்சுப் பெய்யும்போது முகத்துல இருக்குற நுணுக்கம் குழம்பிப் போயிடும். அதே காட்சி நல்ல டிஸ்க்ல ஒவ்வொரு துளியும் தனியா விழும். ஒளிப்பதிவாளர் அந்த ஒரு ஷாட்டுக்காக எவ்வளவு மெனக்கெட்டிருப்பாரு! அதை அவர் எடுத்த மாதிரியே வீட்டுல பார்க்க முடியுதுன்னா எனக்கு அது பெரிய சந்தோஷம்.

சத்தத்துலயும் இதே கதைதான். டிஸ்க்ல டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோன்னு எதையும் வெட்டாத ஒலி இருக்கு. ஸ்ட்ரீமிங்ல அட்மாஸ்னு, அதாவது சுத்தியும் தலைக்கு மேலயும் கேட்குற ஒலின்னு, போட்டிருந்தாலும் அது பொதுவா டால்பி டிஜிட்டல் ப்ளஸ்ல சுருக்கி வர்றதுதான். நல்ல ஸ்பீக்கர் வச்சிருந்தீங்கன்னா பின்னணி இசை அடங்கி மௌனமாகுற இடத்துல கவனிச்சுப் பாருங்க, அங்கதான் பிடிபடும்.

ஆனா அந்த ஒலி ஸ்பீக்கர் வரைக்கும் முழுசாப் போய்ச் சேரணுமே. கேமராவைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு வர்றேன், இந்த ப்ளேயரோட பின்பக்கம் பாருங்க. ரெண்டு எச்டிஎம்ஐ இருக்கு. ஒண்ணுல வீடியோ, ஆடியோ ரெண்டும் போகும். இன்னொண்ணுக்குப் பக்கத்துல ஆடியோ மட்டும்னு எழுதியிருக்கு. உங்க ரிசீவர், அதாவது ஸ்பீக்கர்களை ஓட்டுற ஆம்ப்ளிஃபையர் பெட்டி, பழசு, 4கே-யை உள்ள விடாதுன்னு வைங்க. முதல் கேபிளை டிவிக்கு, ரெண்டாவது கேபிளை ரிசீவருக்குப் போட்டுட்டா ரிசீவரை மாத்தாமலே முழு ஒலியும் கிடைச்சிடும். ஒரே எச்டிஎம்ஐ இருக்குற ப்ளேயரை டிவியில மாட்டி, டிவியில இருந்து சவுண்ட்பாருக்கு அனுப்புறீங்கன்னா, டிவியிலயும் சவுண்ட்பார்லயும் இஆர்க், அதாவது டிவியில இருந்து முழு ஒலியையும் எச்டிஎம்ஐ வழியா அனுப்புற வசதி, இருக்கணும். அதோட பழைய வடிவமான வெறும் ஆர்க்னா ட்ரூஎச்டி ஒலி அதைத் தாண்டிப் போகாது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் கேபிள் மட்டும் போடுற பழைய டிவியா? 2013-க்கு அப்புறம் வந்த ப்ளூ-ரே ப்ளேயர்கள்ல அந்த வீடியோ வழியையே எடுத்துட்டாங்க.

எச்டிஆர் விஷயத்தைச் சுருக்கமாச் சொல்லிடறேன். அதுல அடிப்படை வகையான எச்டிஆர்10 எல்லா 4கே ப்ளேயர்லயும் இருக்கும். காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தைச் சரி செய்யற டால்பி விஷன், எச்டிஆர்10 ப்ளஸ் ரெண்டும் மாடலைப் பொறுத்தது. உங்க டிவி எதைக் காட்டுமோ அதுக்கு ஏத்த மாதிரி எடுங்க. சாம்சங் டிவியில டால்பி விஷன் கிடையாது, அதை மட்டும் நம்பி ப்ளேயர் வாங்குனா அங்க பலன் இல்ல.

அடுத்தது ரீஜன். வெளிநாட்டுல இருக்குற சொந்தக்காரங்க மூலமா டிஸ்க் வாங்குறவங்க இதைக் கேளுங்க. ப்ளூ-ரே உலகத்தை ஏ, பி, சி-ன்னு மூணாப் பிரிச்சு வச்சிருக்கு. அமெரிக்கா, ஜப்பான், தென்கிழக்கு ஆசியா ஏ. ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. இந்தியா சி. ஏ ப்ளேயர்ல பி-ன்னு பூட்டின டிஸ்க் ஓடாது. 4கே டிஸ்க்குக்கு இந்தப் பூட்டே இல்லைங்கறது பெரிய நிம்மதி. ஆனா டிவிடிக்கு வேற நம்பர் கணக்கு இருக்கு, அதையும் பார்த்துக்குங்க. உங்ககிட்ட பழைய விசிடி குவிஞ்சிருந்தா, புது ப்ளேயர் அதைப் படிக்குமான்னு மேனுவல்ல பார்க்காம வாங்காதீங்க. படிக்காத மாடல் நிறைய இருக்கு.

இப்போ தமிழ் பார்க்குற நமக்குன்னே ஒரு விஷயம். டிஸ்க்ல சப்டைட்டில் படமாவே பதிஞ்சிருக்கும், அதனால எந்த மொழியா இருந்தாலும் எழுத்து உடையாது. பென் டிரைவ்ல இருந்து படம் ஓட்டும்போது சப்டைட்டில் தனி எழுத்து ஃபைலா இருக்கும். அதைக் காட்ட ப்ளேயருக்குள்ள தமிழ் எழுத்துரு வேணும். இல்லைன்னா கட்டம் கட்டமா வரும். எழுத்துரு இருந்தும் எழுத்தையும் கொம்பையும் சேர்த்துக் கோக்கத் தெரியாத ப்ளேயர்னா, "கோயில்"னு இருக்குற இடத்துல கொம்பு முன்னாடி வராம எழுத்துக்குப் பின்னாடி போய் ஒட்டிக்கும். படிக்கவே முடியாது. கடையில ப்ளேயரைப் போட்டுக் காட்டுவாங்கன்னா, "கோயிலுக்குப் போனோம்"னு ஒரே ஒரு வரி இருக்குற சப்டைட்டில் ஃபைலை பென் டிரைவ்ல கொண்டு போய் ஓட்டிப் பாருங்க. அந்த ஒரு வரியே சொல்லிடும்.

கேம் கன்சோல் போதாதான்னு கேட்பீங்க. பிஎஸ்5 டிஸ்க் எடிஷன், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ரெண்டும் 4கே டிஸ்க்கை ஓட்டும். ஆனா ரெண்டுலயும் டிஸ்க்குக்கு டால்பி விஷன் வராது. பிஎஸ்5-ல பாட்டு சிடியே ஓடாது. கேம் ஆடுறவங்க வீட்டுல ஏற்கெனவே இருந்தா அதுலயே ஆரம்பிங்க, ஸ்ட்ரீமிங் ஆப்பும் அதுல ஒழுங்கா அப்டேட் ஆகும். படத்துக்காக மட்டும்னா தனி ப்ளேயர்தான் என் தேர்வு.

தள்ளிப் போடுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஓப்போ 2018-ல ப்ளேயர் செய்யறதை நிறுத்திட்டாங்க. 2019-ல சாம்சங், அமெரிக்கச் சந்தைக்கு இனி புது மாடல் இல்லைன்னு சொன்னாங்க. 2024 கடைசியில எல்ஜியும் ஒதுங்கிடுச்சு. பெரிய பேர்கள்ல சோனியும் பானாசோனிக்கும் மிச்சம். பானாசோனிக் டிபி-யுபி820 மாதிரி ஒண்ணுல ரெண்டு எச்டிஎம்ஐ, டால்பி விஷன், எச்டிஆர்10 ப்ளஸ் எல்லாமே இருக்கு, ஸ்ட்ரீமிங்கோடவே வந்த மாடல் அது. அதோட தம்பி மாடல்கள்ல யுபி150-ல வைஃபையே கிடையாது. பேர் ஒரே மாதிரி இருக்கும், அதனால முழு மாடல் நம்பரையும் ஒரு எழுத்து விடாமச் சரி பாருங்க.

வைஃபை இல்லாத மாடலை எடுத்தாலும் நெட் ஒரு விஷயத்துக்குத் தேவைப்படும். புதுப் படங்களோட டிஸ்க்ல பாதுகாப்புச் சாவி மாறிக்கிட்டே இருக்கும், ப்ளேயர்ல ஃபர்ம்வேர், அதாவது உள்ள இருக்குற மென்பொருள், பழசா இருந்தா அந்த டிஸ்க் திறக்காம மக்கர் பண்ணலாம். லேன் கேபிள்லயோ பென் டிரைவ்லயோ அப்டேட் போட்டுக்குங்க.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் ரிட்டர்ன் பண்ற நாள் முடியறதுக்குள்ள எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்துடுங்க. டிவிடி ஒண்ணு, ப்ளூ-ரே ஒண்ணு, 4கே ஒண்ணு போடுங்க, ஏன்னா டிவிடிக்கு சிவப்பு லேசர், ப்ளூ-ரேக்கு நீல-ஊதா லேசர், ஒண்ணு வேலை செஞ்சு இன்னொண்ணு செய்யாம இருக்கலாம். 4கே டிஸ்க்கைக் கடைசி வரைக்கும் ஓட விடுங்க. டிஸ்க்ல ரெண்டு மூணு அடுக்கு இருக்கு, ஒரு அடுக்குல இருந்து அடுத்ததுக்குத் தாவுற இடத்துல படம் உறையுதான்னு கவனிங்க. உறைஞ்சா டிஸ்க்கை மென்மையான துணியால நடுவுல இருந்து வெளிப்பக்கமா நேராத் துடைச்சுட்டு மறுபடி போடுங்க. வட்டமாத் துடைக்காதீங்க. அப்பவும் அதே இடத்துல நின்னா, வேற ஒரு 4கே டிஸ்க்கை வாங்கிப் போட்டுப் பாருங்க. அதுவும் நின்னா ப்ளேயரைத் திருப்பி அனுப்பிடுங்க.