ஜிபிஎஸ் இருந்தும் வழி தவறுவது ஏன்? திரும்பி வரும் வித்தை

[காட்சி: உள்ளங்கையில் ஜிபிஎஸ் கருவி. அம்புக்குறி ஒரு பள்ளத்தாக்கின் மேல் நேராகச் சுட்டுகிறது.]

பேட்டரி இருக்கிறது, சிக்னல் இருக்கிறது, கருவியும் பழுதில்லை. ஆனாலும் அந்த அம்புக்குறியை நம்பி நடந்தவர் செங்குத்துப் பாறையின் விளிம்பில் போய் நிற்கக்கூடும்!

கிளம்பிய இடத்தைக் குறித்துவைத்து, திரும்பும்போது 'கோ டு' (அங்கே போ) என்ற கட்டளையைக் கொடுத்தால் கருவி நேர்க்கோட்டைக் காட்டும். நடுவில் ஆறு ஓடுவது அதற்குத் தெரியாது. வந்த வழியே திரும்ப, நடக்கும்போது கருவி புள்ளி புள்ளியாகப் பதிவு செய்த தடத்தைப் பின்னோக்கித் தொடரச் சொல்ல வேண்டும். கார்மின் நிறுவனத்தின் கருவிகளில் அதன் பெயர் 'டிராக்பேக்'.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. நான்கின் சிக்னல் கிடைத்தால் இருக்குமிடம் தெரிந்துவிடும். பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதம் நிறுத்தியது. ஒற்றையடிப் பாதையைத் தேடிப் பிடிக்கும் துல்லியம் அதன்பிறகுதான் எல்லோருக்கும் கிடைத்தது.

[காட்சி: மணலில் ஓடும் எறும்பு.]

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சஹாராவில் கேட்டகிளிஃபிஸ் என்றொரு எறும்பு. இரை தேடி வளைந்து வளைந்து ஓடும். கிடைத்ததும் புற்றுக்கு நேர்க்கோட்டில் திரும்பிவிடும். திசைக்கு வானத்து ஒளி. தூரத்தை எப்படி அறிகிறது? 2006இல் வெளியான ஓர் ஆய்வில், இரை வைத்த இடத்துக்கு வந்து சேர்ந்த எறும்புகளைப் பிடித்து, கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் பொருத்தினார்கள். அவை புற்றைத் தாண்டிப் போய்த் தேடின! கால் குட்டையாக்கப்பட்டவை புற்றை எட்டுமுன்பே நின்று தேடின. எறும்பு ஏதோ ஒரு விதத்தில் தன் அடிகளைக் கணக்கு வைக்கிறது. அத்தனை சிறிய தலைக்குள் ஒரு 'கோ டு'! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. சமவெளி மணலில் அந்த நேர்க்கோடு போதும். மலைக்காட்டில் தடம்தான் உயிர்.

வீடியோவை இங்கே நிறுத்தி, உங்கள் கருவியில் தடப்பதிவு இயங்குகிறதா என்று பாருங்கள். பழைய தடங்களைச் சேமித்துவிட்டு நினைவகத்தைக் காலி செய்யுங்கள். பல கருவிகள் நினைவகம் நிரம்பியதும் மிகப் பழைய புள்ளிகளை அழித்துத்தான் புதியவற்றை எழுதும். மிகப் பழைய புள்ளி என்றால், நீங்கள் கிளம்பிய இடம்! பேட்டரியை மிச்சப்படுத்தக் கருவியை அணைத்துவிட்டு நடந்தால், அந்தத் தூரத்துக்கு வளைவு நெளிவு எதுவும் பதிவாகாது.

திரும்பும்போது, காந்தத் திசைகாட்டி இல்லாத கருவி என்றால் நின்ற இடத்தில் அம்புக்குறியை நம்பாதீர்கள். நடந்தால்தான் அதற்குத் திசை தெரியும். பாறைச் சுவர் ஓரத்தில் சிக்னல் எதிரொலித்து, திரையில் நீங்கள் இருக்குமிடத்தைக் காட்டும் குறி தடத்தைவிட்டு விலகித் தெரியலாம். கண்ணெதிரே பாதை இருந்தால் அதிலேயே நடங்கள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். திரையைப் பெரிதாக்கி, ஒரு கிளையில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். உங்கள் குறி தடத்தைவிட்டு விலகிக்கொண்டே போனால் உடனே பிரிந்த இடத்துக்குத் திரும்பி, அடுத்த கிளையில் நடங்கள்.