செத்தவீட்டுக்குப் பிறகு டொக்டரும் போகோணும்

வணக்கம் நேயர்களே. பிள்ளையைப் பறிகுடுத்த தாய் தேப்பனுக்கு குடும்ப டொக்டர் என்ன செய்யோணும் எண்டதைத்தான் இண்டைக்குக் கதைக்கப் போறன், கன காலமா மனசில கிடக்கிற விசயம். எங்கட யாழ்ப்பாணத்தில செத்தவீடெண்டா ஊரே வந்து நிக்கும், எட்டுச்செலவு மட்டும் அடுப்பு மூட்ட விடமாட்டினம், ஆனா முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சு பந்தல் கழட்டின கையோட வீடு வெறிச்சோடிப் போயிடும். டொக்டர் தேவைப்படுறது அப்பத்தான்.

அவை தாங்களா வந்து சொல்லமாட்டினம். நித்திரை வருகுதில்லை, நெஞ்சுக்க அடைக்குது எண்டுதான் வருவினம். ஒரு தேப்பன், தோட்டம் செய்யிற மனுசன், நாரி நோவெண்டு என்னட்ட வந்து போய்க்கொண்டிருந்தவர், எக்ஸ்ரேயில ஒண்டுமில்லை, நான் மருந்துத் துண்டை வச்சிட்டு "தம்பி, மகன்ர பேர் என்ன?" எண்டு கேட்டன். சொன்னார். பிறகு அவன் சைக்கிள் பழகினது, புழுக்கொடியலுக்கு அடம்பிடிச்சது எல்லாம் சொன்னார், வெளியில ஆக்கள் காத்துக்கொண்டிருந்தவை, இருக்கட்டும் எண்டு நானும் கேட்டன். மனிசி அழும் எண்டு வீட்டில ஒருத்தரும் அவன்ர பேர் எடுக்கிறேல்லையாம். பேரைச் சொல்லிக் கதையுங்கோ, திரும்பவும் சொல்லுறன், பேரைச் சொல்லுங்கோ, "இன்னொண்டு பெத்தாச் சரி" எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.

பிறந்த கையோட குழந்தை தவறினா தாய்க்கு ரெண்டாம் மூண்டாம் நாள் பால் கட்டும், அது ஒருத்தருக்கும் ஞாபகம் வாறேல்லை, பால் வத்த மருந்திருக்கு, முதலே சொல்லிவிடோணும். மிட்வைஃபுக்கும் கிளினிக்குக்கும் உடன அறிவிக்கோணும், இல்லாட்டி ரெண்டாம் மாச ஊசிக்கு ஏன் வரேல்லை எண்டு படலையில ஆள் வந்து நிக்கும். நித்திரைக் குளிசையை மாசக்கணக்கா எழுதிக் குடுக்கிறதும் வேண்டாம்.

2003ல டென்மார்க்கில இருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது, பிள்ளையை இழந்த தாய்மார் முதல் 3 வருசத்துக்குள்ள விபத்து, தற்கொலை மாதிரிச் சாகிறது மற்றத் தாய்மாரை விட கிட்டத்தட்ட 4 மடங்காம். அதால ஒருக்காப் பாத்திட்டு விடாம, பிள்ளையின்ர பிறந்தநாள், ஆண்டுத்திவசம் எல்லாம் டயறியில குறிச்சு வச்சு டொக்டர் தானே கோல் எடுக்கோணும்.

சகோதரங்களைப் பற்றிக் கன சொல்ல இருந்தனான், நேரம் போட்டுது. வயித்துக்குத்து, படுக்கையில மூத்திரம் எண்டு வருங்கள், "என்னாலதான் தம்பி செத்தவன்" எண்டு மனசுக்க வச்சிருக்குங்கள், பக்கத்தில இருத்திக் கேளுங்கோ. சாகலாம் போல கிடக்கு எண்டு வீட்டில ஆரும் சொன்னா, இலங்கையில மனநல உதவிக்கெண்டு இருக்கிற 1926 நம்பருக்கு அடியுங்கோ, இரவிலயும் எடுப்பினம். வணக்கம்.