என் பாமசிப் பட்டத்தைக் கனடாவில் ஏற்றுக்கொண்டார்கள்! | ஏஜென்சிக்காரரை நம்புவதற்கு முன் இதைப் பாருங்கள்

வணக்கம் உறவுகளே! குரலிலேயே விளங்கியிருக்கும், இன்றைக்கு எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கனடாவின் மருந்தாளர் தேர்வுச் சபையான பி.ஈ.பி.சி.யில் இருந்து பதில் வந்துவிட்டது. என் பட்டத்தை, இலங்கையில் படித்து எடுத்த பட்டத்தை, ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆவண மதிப்பீடு முடிந்தது, இனி முதல் சோதனைக்குப் பதியலாம். நேற்று இரவு கடையைப் பூட்டிவிட்டு வந்து போனைப் பார்த்தால் மின்னஞ்சல் கிடக்கிறது. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். "சரி மனே, சாப்பிட்டுட்டுப் படு" என்றார். காலையில் அவரே போன் எடுத்து மாமி, பெரியம்மா எல்லாருக்கும் சொல்லி முடித்துவிட்டார்.

வழக்கமாகக் கல்லடிக் கடற்கரையில் நின்றுதானே எடுப்பேன், இன்றைக்கு வீட்டுக்குள் இருந்து எடுக்கிறேன். காற்றுச் சத்தத்தில் ஒரு சொல்கூடத் தவறக் கூடாது. பிளேன்ரீ மட்டும் பக்கத்தில் இருக்கிறது, அது இல்லாமல் நான் கதைக்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் பி.பாம், அதாவது பாமசிப் பட்டம் முடித்து, இலங்கை மருத்துவ சபையில் பதிந்து, மட்டக்களப்பு டவுனில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். கனடாவுக்கு மருந்தாளராகப் போகவேண்டும் என்பது என் ஆசை. மருந்தாளராக. இந்தச் சொல்லை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று பிறகு சொல்கிறேன், அதில்தான் எனக்குக் கோபம்.

முதலில் நல்ல விசயம். வெளிநாட்டில் படித்தவர் முதலில் தன் படிப்பு சரியானதா என்று பி.ஈ.பி.சி.யிடம் மதிப்பிட்டுக் காட்டவேண்டும். அது சரி என்றால் எவலுவேட்டிங் சோதனை. அதில் தேறினால் குவாலிஃபையிங் சோதனை, அது இரண்டு பகுதி. ஒன்று தெரிவு வினாக்கள், மற்றது ஒஸ்கி. ஒஸ்கியில் நடிகர் ஒருவர் நோயாளியாக வந்து உட்காருவார், நாம் அவரிடம் கேட்டு, விளங்கி, மருந்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அதைக் கனடாவுக்குப் போய்த்தான் செய்ய முடியும். இவ்வளவும் தாண்டினாலும் வேலை செய்யும் உரிமத்தை பி.ஈ.பி.சி. தராது, மாகாணம்தான் தரும். ஒன்ராறியோ என்றால் அங்குள்ள மருந்தாளர் கல்லூரி, பெயர்தான் கல்லூரி, உரிமம் கொடுக்கும் சபை அது. அவர்களுக்குச் சட்டச் சோதனை ஒன்று இருக்கிறது, மேற்பார்வையில் வேலை செய்து காட்டும் கட்டமும் இருக்கிறது. நீளம்தான். ஆனால் ஒவ்வொரு படியும் எழுத்தில் இருக்கிறது, ஒளிவு மறைவு இல்லை, அதனால் எனக்கு இந்த முறை பிடிக்கும்.

இப்போது என் பெயரில் வந்த அந்த "எச்" எழுத்தின் கதை. பத்திரங்கள் வைத்த நீலக் கோவையோடு நான் அலைந்த வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும், முடிவுதான் தெரியாது. எங்கள் ஆட்களின் பெயர் எப்படி இருக்கும்? பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் நம் பெயர் தமிழில் தனியாக. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முழுதாக முன்னுக்கு வந்து நிற்கும். பட்டத்தில் முதலெழுத்தும் நம் பெயரும் மட்டும். அதோடு இங்கிலீஷில் எழுதும்போது ஒரு கந்தோரில் "ரி" போட்டு எழுதுவார்கள், இன்னொன்றில் "ரி எச்" போடுவார்கள். என் கடவுச்சீட்டில் எச் இல்லை. பட்டத்தில் எச் இருக்கிறது. நமக்கு இது ஒன்றுமே இல்லை, வாசித்தால் ஒரே சத்தம். ஆனால் கனடாவில் கோவையைப் பார்க்கிறவருக்கு அது இரண்டு ஆள்! அவர் கேட்பது நியாயம், அவருக்கு என்னைத் தெரியாது.

நான் செய்தது இதுதான், குறித்துக்கொள்ளுங்கள். சமாதான நீதவான் ஒருவர் முன்னால் சத்தியக் கடதாசி முடித்தேன். அதில் என் பெயர் எந்தெந்தப் பத்திரத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டு, எல்லாம் நான் ஒருத்திதான் என்று எழுதவேண்டும். "என் பெயர் இரண்டு விதமாக உள்ளது" என்று பொதுவாக எழுதினால் போதாது. பத்திரத்தின் பெயர், இலக்கம், திகதி, அதில் உள்ள எழுத்து, அப்படியே. அப்பாவின் பெயரையும் விடாதீர்கள், கடவுச்சீட்டில் முன்னுக்கு நிற்பது என் பெயர் இல்லை, அப்பாவின் பெயர் என்று ஒரு வசனம் கட்டாயம். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை மொழிபெயர்க்கும்போது சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டைக் காட்டி, அதே எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். அவர் தன் பாட்டுக்கு எழுதினால் மூன்றாவது ஆள் ஒருவர் பிறந்துவிடுவார்.

ஆ, ஒன்றை விட்டுவிட்டேன். புள்ளி விபரப் பத்திரத்தை, அதுதான் ட்ரான்ஸ்கிரிப்டை, நம் கையால் அனுப்பினால் செல்லாது. கம்பஸில் இருந்து நேராகப் போகவேண்டும். மருத்துவ சபைப் பதிவுக்கான உறுதிக் கடிதமும் அப்படித்தான், சபையில் இருந்து நேராக. கூரியர் காசு மட்டும் நமது. என் கையால் அனுப்பவேண்டிய மற்றப் பத்திரங்களுக்கு நான் விசாரித்த தனியார் கூரியரில் நாலு தாளுக்கு 11,500 ரூபா கேட்டார்கள். 11,500! அந்தக் காசுக்கு எங்கள் வீட்டில் எத்தனை நாள் மீன் வாங்கலாம். தபால் கந்தோரின் ஈ.எம்.எஸ். அதில் பாதிக்கும் குறைவு. பின்தொடரும் இலக்கம் தருகிறார்கள், ஒவ்வொரு இடமாகக் காட்டியது, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. தபால் கந்தோரை மதிக்காமல் கடந்துபோகிறவர்கள் ஒரு முறை உள்ளே போய்க் கேளுங்கள். அந்தக் கவுண்டரில் இருந்த அக்கா உறையின் மேல் விலாசத்தை நான் எழுதியது போதாதென்று தானும் ஒரு முறை வாசித்து, அஞ்சல் குறியீட்டைச் சரிபார்த்துத்தான் முத்திரை குத்தினார். அவருக்கு நான் பெரிய நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

சரி, இப்போது கோபம்.

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். ஏ.எல்., அதாவது உயர்தரம், பயோவில் முடித்தவர். ஏஜென்சி ஒன்றில் சொன்னார்களாம், எந்த நாட்டில் பி.பாம் செய்தாலும் லண்டனிலோ அமெரிக்காவிலோ போய் இறங்கி நேராகப் பாமசியில் மருந்தாளராக நிற்கலாம் என்று. முற்பணமும் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். தம்பி, கட்டாதீர்கள். அப்படி ஒரு வழி இல்லை.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே வெளிநாட்டுப் பட்டதாரிகள் முதலில் எஃப்.பி.ஜி.ஈ.சி. என்ற சான்றிதழ் எடுக்கவேண்டும். 2003 ஜனவரிக்குப் பிறகு பட்டம் பெற்றவர் என்றால் குறைந்தது 5 வருடப் பாமசிப் படிப்பு இருக்கவேண்டும். நம்முடைய பி.பாம் 4 வருடம். இந்தியாவிலும் பி.பாம் 4 வருடம்தான், அங்கே ஃபாம்.டி. என்றால் 6 வருடம். அப்படியானால் அமெரிக்கக் கனவு உள்ள பிள்ளைக்கு எந்தப் படிப்பு என்பதை ஏ.எல். முடிந்த கையோடு தீர்மானிக்கவேண்டும், பட்டம் கையில் வந்த பிறகு இல்லை. இதை ஒரு ஏஜென்சிக்காரராவது சொன்னாரா? காசு வாங்குகிறவருக்கு இதைத் தெரிந்து வைத்திருக்கும் கடமை இல்லையா? எனக்கு இதில் தூக்கமே வரவில்லை.

லண்டன் என்றால் ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற இங்கிலீஷ் சோதனையில், அகடமிக் வகையில் நாலு பிரிவிலும் 7, ஒரே அமர்வில். அப்புறம் ஒஸ்பாப் என்ற ஒரு வருடப் பல்கலைக்கழகப் படிப்பு, அதற்குக் கட்டணம் நாம் கட்டவேண்டும். பிறகு 52 கிழமை பயிற்சி. பிறகு ஜி.பி.எச்.சி. என்ற அவர்களுடைய மருந்தக சபை வைக்கும் பதிவுச் சோதனை, அது ஜூனிலும் நவம்பரிலும் வரும், மூன்று தடவைதான் எழுதலாம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மருந்தாளர். "போய் இறங்கி நேராக" என்ற கதைக்கு இதில் எங்கே இடம்?

அவுஸ்திரேலியாவுக்கு முயற்சிக்கிறவர்கள் கவனியுங்கள், பழைய கப்ஸ் சோதனைப் புத்தகங்களை வாங்கி அடுக்காதீர்கள். 2025இல் அந்தச் சோதனைக்குப் பதிலாக ஒப்ரா வந்துவிட்டது. அதன் பிறகும் மேற்பார்வையில் பயிற்சி இருக்கிறது. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் நிறையப் பேர் வளைகுடாவுக்குத்தான் போகிறார்கள், அங்கே டேட்டாஃப்ளோ மூலம் பத்திரங்களைச் சரிபார்ப்பார்கள், ப்ரோமெட்ரிக் சோதனை இருக்கும், வேலை அனுபவமும் கேட்பார்கள். அதைப் பற்றி டுபாயில் இருக்கும் என் மச்சாளைக் கூப்பிட்டுத் தனி வீடியோ போடுகிறேன், நான் அதில் நடக்கவில்லை, நடந்தவர் சொன்னால்தான் சரி.

ஏஜென்சி விளம்பரத்தில் "பாமசி வேலை" என்று எழுதியிருக்கும். நன்றாகப் பாருங்கள். கனடாவில் பாமசி அசிஸ்டன்ட் வேறு, டெக்னீசியன் வேறு, மருந்தாளர் வேறு. டெக்னீசியனுக்கும் பி.ஈ.பி.சி. சோதனை, உரிமம் எல்லாம் உண்டு. அசிஸ்டன்டுக்கு அது இல்லை. அசிஸ்டன்ட் வேலை கேவலம் என்று நான் சொல்லவே மாட்டேன், மரியாதையான வேலை. ஆனால் நாலு வருடம் கம்பஸில் படித்தவளிடம் மருந்தாளர் என்று சொல்லிக் காசு வாங்கி, அசிஸ்டன்டாகக் கொண்டுபோய் விடுவது களவு. பட்டம் இல்லாமல், இங்கே பயிற்சி எடுத்து எஃபிசியன்சி சான்றிதழோடு பல வருடமாகக் கடை நடத்தும் அண்ணாமார் இருக்கிறீர்கள். இந்த ஊரின் பாதி உயிர் உங்கள் கையில்தான் ஓடுகிறது. அங்கே மருந்தாளர் பாதைக்குப் பல்கலைக்கழகப் பட்டம் கேட்கிறார்கள், அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள், யாரும் உங்களை ஏமாற்ற விடாதீர்கள்.

இன்னொன்று, இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கனடாவின் குடிவரவு முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் மருந்தாளர் என்று விண்ணப்பிப்பவருக்குக் கல்வி மதிப்பீட்டை பி.ஈ.பி.சி.தான் செய்யவேண்டும். மற்றவர்களைப் போல வெஸ் என்ற மதிப்பீட்டு நிறுவனத்தில் எடுத்து வைத்துக்கொண்டு இருந்தால் அந்தக் காசு வீண். என்னோடு படித்த ஒருத்திக்கு அதைத்தான் ஒரு ஆலோசகர் செய்ய வைத்தார். அவள் இரண்டாவது முறையும் காசு கட்டினாள்.

படிப்பு எப்படிப் போகிறது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எவலுவேட்டிங் சோதனையில் பாதிக்கு மேல் பாமசி பிராக்டிஸ், அதாவது மனிதரை வைத்துக்கொண்டு மருந்தைப் பார்க்கும் பகுதி. அதனால் எனக்குக் கடைதான் வகுப்பு. போன கிழமை வாகரைப் பக்கத்து ஆச்சி ஒருவர், மூட்டு வாதத்துக்குக் கிளினிக் கொப்பியோடு வந்தார். மெத்தோட்ரெக்ஸேட். இந்தக் குளிசை கிழமைக்கு ஒரு நாள்தான் போடவேண்டும். தினமும் போட்டால் எலும்பு மச்சை இரத்தம் செய்வதை நிறுத்திவிடும், உயிரே போகும். ஆச்சி எல்லாக் குளிசையையும் காலையில் தேத்தண்ணியோடு ஒன்றாகப் போடுகிறவர். நான் அந்த உறையைத் தனியாக எடுத்து, மேலே "திங்கள் மட்டும்" என்று பெரிய எழுத்தில் எழுதி, ஃபோலிக் அசிட்டை வேறு உறையில் "வெள்ளி" என்று போட்டுக் கொடுத்தேன். "எங்கே ஆச்சி, எனக்குத் திருப்பிச் சொல்லுங்கோ" என்றேன். "திங்கக்கிழம இது, வெள்ளிக்கிழம இது, மற்ற நாளையில தொடப்படாது" என்றார். பின்னால் நின்ற பேத்தியையும் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். வாய்ப்புண், காய்ச்சல், காரணமில்லாத இரத்தக் கண்டல் வந்தால் உடனே போதனா வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன்.

இரவில் வந்து அதையே இங்கிலீஷில், கண்ணாடிக்கு முன்னால், முதலில் இருந்து கடைசி வரை சொல்லிப் பார்த்தேன். ஒஸ்கியில் பார்ப்பது இதைத்தானே? விளங்கியதா என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள், திருப்பிச் சொல்ல வைத்தால்தான் தெரியும். இங்கே பல கவுண்டர்களில் குளிசையைச் சுற்றிக் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள், சனம் அவ்வளவு, நேரம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அபாயமான மருந்துக்காவது ஒரு நிமிடம் கொடுக்கலாம். வார்ஃபரின், இன்சுலின், மெத்தோட்ரெக்ஸேட், இந்த மூன்றுக்காவது. கனடா போனாலும் போகாவிட்டாலும் இதை நான் விடப்போவதில்லை.

எவலுவேட்டிங் சோதனையை மூன்று தடவை எழுதலாம், நாலாவதுக்குத் தனியாக மனுப்போட்டு அனுமதி வாங்கவேண்டும். எனக்கு முதல் தடவையிலேயே எடுக்கவேண்டும், கட்டணத்தை நினைத்தால் வேறு எண்ணம் வராது.

களுவாஞ்சிக்குடித் தம்பி, நீங்கள் முதலில் எந்த நாடு என்று தீர்மானித்து, அந்த நாட்டுச் சபையின் இணையத்தளத்தை நீங்களே வாசியுங்கள், இங்கிலீஷ் கஷ்டம் என்றால் எனக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை இருந்து வாசித்துச் சொல்கிறேன். யாழ்ப்பாணம், பேராதனை, ஜயவர்த்தனபுர, ருகுணு, இவை எல்லாவற்றிலும் பி.பாம் இருக்கிறது, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி கிடைத்தால் காசு கொடுத்து வெளியே போகவே தேவையில்லை. மற்றவர்களுக்கு, அந்தச் சத்தியக் கடதாசியின் மாதிரியை என் பெயரை எடுத்துவிட்டுக் கீழே போட்டிருக்கிறேன். சமாதான நீதவானிடம் போகும்போது பத்திரங்களின் பிரதியை மட்டும் கொண்டு போகாதீர்கள், மூலப் பத்திரத்தையும் எடுத்துப் போங்கள், அவர் பார்த்துத்தான் கையெழுத்து வைப்பார்.