எச்சில் சுரப்பியில் கல் இருந்தால் சுரப்பியையே எடுக்க வேண்டுமா?

வணக்கம். ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "டாக்டர், சாப்பிட உட்கார்ந்தாலே இடது தாடைக்கு அடியில் எலுமிச்சை அளவுக்கு வீங்குகிறது. ஒரு மணி நேரத்தில் தானாக வடிந்துவிடுகிறது. ஸ்கேனில் எச்சில் குழாயில் 4 மில்லிமீட்டர் கல் என்று வந்தது. சுரப்பியை எடுக்கச் சொல்கிறார்கள். கழுத்தில் கத்தி வைக்காமல் முடியாதா?"

நீங்கள் சொல்லும் அளவு கல், அதுவும் குழாயில் இருக்கிறது என்றால், பெரும்பாலும் முடியும். அதனால் முதலில் பயத்தை விடுங்கள்.

சாப்பிடும்போதுதான் சுரப்பி வேகமாகச் சுரக்கும். வழியில் கல் அடைத்திருந்தால் எச்சில் பின்னால் தேங்கி வீங்கும். சிலருக்கு ஊறுகாயைப் பார்த்தாலே வீங்கிவிடும். இந்தக் கற்களில் நூற்றுக்கு 80-க்கு மேல் தாடைக்கு அடியில் உள்ள சுரப்பியில்தான் வருகின்றன. அங்கே எச்சில் கொஞ்சம் கெட்டி, கால்சியமும் அதிகம். அதன் குழாய் சுமார் 5 சென்டிமீட்டர் நீளம். எச்சில் கீழிருந்து மேலே ஏறி வர வேண்டும்.

முன்பெல்லாம் கல் உள்ளே தள்ளி இருந்தால் கழுத்தில் கீறி சுரப்பியையே எடுத்துவிடுவோம். பக்கத்திலேயே கீழ் உதட்டை அசைக்கும் நரம்பும் நாக்குக்கு உணர்ச்சி தரும் நரம்பும் ஓடுகின்றன. அவற்றுக்குச் சேதம் வராமல் பார்க்க வேண்டும், வெளியே தழும்பும் இருக்கும். ஒரு சின்னக் கல்லுக்காக வேலை செய்கிற சுரப்பியை இழப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அடைப்பு நீங்கினால் நிறைய பேருக்கு அந்தச் சுரப்பி மறுபடி நன்றாகச் சுரக்கத் தொடங்கும்.

இப்போது சைலெண்டோஸ்கோப்பி இருக்கிறது, அதாவது எச்சில் குழாய்க்குள்ளேயே கேமரா விட்டுப் பார்க்கும் முறை. நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள். அடியில் நடுவே இரண்டு பக்கமும் சின்ன மேடு தெரியும். எச்சில் வரும் துளை அங்கேதான், கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அதை மெல்லிய கம்பிகளால் பொறுமையாக விரித்து, சுமார் ஒரு மில்லிமீட்டர் விட்டத்தில் கிடைக்கிற கேமராக் குழாயை உள்ளே விடுவோம். சலைன் செலுத்திக்கொண்டே போனால் குழாய் விரிந்து, கல் திரையில் தெரியும். பாஸ்கெட் என்று ஒரு நுண்ணிய கம்பி வலை உண்டு. அதைக் கல்லுக்குப் பின்னால் கொண்டுபோய் விரித்து, கல்லைப் பிடித்து, அப்படியே வெளியே இழுத்துவிடுவோம்.

தாடைச் சுரப்பியில் 4 மில்லிமீட்டர் வரை, கன்னச் சுரப்பியில் 3 வரை இப்படி முழுதாக எடுக்கலாம். பெரிதாக இருந்தால் லேசரால் உடைத்து எடுப்போம். அல்லது வாய்க்குள்ளேயே கல்லுக்கு மேல் சின்னதாகக் கீறி எடுப்போம். விரலால் தடவும்போது கல் தட்டுப்பட்டால் இந்த வழி மிகவும் சௌகரியம். செலுத்திய சலைனால் ஓரிரு நாள் வீக்கம் இருக்கும், அப்புறம் வடிந்துவிடும்.

சரி, யாருக்குச் சுரப்பியை எடுக்க வேண்டி வரும்? கல் சுரப்பிக்குள்ளேயே ஆழமாகப் பதிந்து, அடிக்கடி சீழ் பிடித்து, சுரப்பி சுருங்கிப்போனவர்களுக்கு. உங்களுக்கு அப்படிச் சொன்ன மருத்துவர் இதைப் பார்த்துக்கூடச் சொல்லியிருக்கலாம். கல் சரியாக எங்கே இருக்கிறது, வாய்க்குள் கைக்குத் தட்டுப்படுகிறதா என்று அவரிடமே கேளுங்கள். இந்தக் கருவி எல்லா ஊரிலும் கிடையாது. பெரிய காது மூக்கு தொண்டைப் பிரிவுகளில் விசாரியுங்கள்.

தக்காளி, பால் நிறுத்தணுமா என்றும் பலர் கேட்கிறார்கள். வேண்டாம். சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் பத்தியம் இதற்குப் பொருந்தாது. தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். வீங்கும் சுரப்பியைப் பின்னாலிருந்து முன்பக்கமாக மெதுவாக நீவிவிடுங்கள். சின்னக் கற்கள் சில சமயம் தானாகவே வந்துவிடும். வலி கூடினால் நீவுவதை நிறுத்திவிடுங்கள்.

காய்ச்சல், சீழ் இருந்தால் முதலில் ஆன்டிபயாட்டிக் கொடுத்து அதை அடக்கிவிட்டுத்தான் இந்தச் சிகிச்சை. நாக்குக்கு அடியில் வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.